ஒத்து வந்தால்

நுழைந்தது. நுழைந்த சுலபத்திலேயே கழன்றும் வந்தது. தெய்வநாயகம் குழாயை மறுபடியும் மீன்தொட்டி ஃபில்டரின் மூக்கில் மாட்டி, கிளாம்பைத் திருகி, ஒரு தம்ளர் தண்ணீரை மேலிருந்து ஊற்றிப் பார்த்தார். குழாயின் வாய் ஒரு பக்கமாக மடிந்து, பல் போனவர் முறுக்கைக் கவ்விய மாதிரி இருந்தது. அந்த மடிப்பு வழியாகத் தண்ணீர் நிதானமாகக் கசிந்து, ஃபில்டர் குடுவையின் தோள்மீது இறங்கி, தரையில் தனக்கென்று ஒரு பாதை போட்டுக்கொண்டு சோபாவின் காலை நோக்கிப் போயிற்று. எரிச்சல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இது எப்படி என்றுதான் இருந்தது. பழைய குழாயை அவரேதான் அளந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஸ்கேலைக் குறுக்கே வைத்து. ஏழு நூல். அங்குலத்துக்கு எட்டு நூல், அதில் ஒன்று குறைவு, சந்தேகமே இல்லை. சாமானைக் கையில் தூக்கிக்கொண்டு போய் நின்றால் கடையில் இருக்கிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள் என்று அளவை மட்டும் மனசில் எடுத்துக்கொண்டு போனார். ஏழு நூல் எல்லாம் வராதுங்க, ஆறு இருக்கு, எட்டு இருக்கு, எது வேணும் என்றான் ஹார்டுவேர் கடைக்காரன். ஆறு என்றார். எட்டு என்றால் தொளதொளக்கும்; ஆறு என்றால் கொஞ்சம் இறுக்கம், வெந்நீரில் முக்கினால் நெகிழ்ந்து கொடுக்கும், ஏறி உட்கார்ந்த பிறகு அசையாது. அப்போது எவ்வளவு சரியாக இருந்தது அந்த யோசனை. இப்போது ஏழு இருந்த இடத்தில் ஆறு தொளதொளக்கிறது. சின்னது பெரியதைவிடப் பெரிதாக இருக்கிறது. உலகத்தில் எங்காவது இப்படி உண்டா? கடைக்காரனிடம் கேட்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்கு மேல் அம்பத்தூரில் ஒரு கடை ஷட்டரும் திறந்திருக்காது.

துணியை எடுத்துத் தரையைத் துடைத்துவிட்டுக் குளியலறையை எட்டிப் பார்த்தார். பெரிய நீல வாளியில் சுல்தான். சுல்தான் என்பது மீனுக்குத் தங்கை வத்சலா வைத்த பெயர்; மஸ்கட்டில் அத்தனை வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் வேறு என்ன பெயர் வைப்பாள். ஆனால் மீன் கோயம்புத்தூரில் வாங்கியது, ஆஸ்கர் என்று ஒரு ஜாதி, உள்ளங்கையைவிட நீளம், கரி பூசிய உடம்பில் அடுப்புத் தணல் கிண்டிவிட்ட மாதிரி சிவப்புக் கோடுகள். வேலையை விட்டு வந்து கோயம்புத்தூரில் தனியாக இருந்தவளை, இங்கே வந்துவிடேன், இவ்வளவு பெரிய வீட்டில் நான் ஒருத்தன்தானே என்று தெய்வநாயகம் போனில் கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட அவர் எடுத்துக்கொண்ட தைரியம் அவருக்குத்தான் தெரியும். சரி, வந்து பார்க்கிறேன், சுல்தானும் வருவான் என்றாள். முந்தாநாள் வாடகைக் காரில், மடியில் வாளியோடு, ஒரு பெரிய பெட்டியோடு வந்து இறங்கினாள். மூன்றடித் தொட்டியை அவர் முன்னாடியே வாங்கித் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். ஸ்டாண்டு தாங்குமா என்று பார்த்துத்தான் வாங்கினார். தண்ணீரும் கண்ணாடியும் சேர்ந்து இரண்டு குவிண்டால், அதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. மற்றதெல்லாம், ஃபில்டர், அதன் குழாய், பஞ்சு எல்லாம் அவள் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தவை. இன்று காலை வில்லிவாக்கத்துக்குச் சாப்பிடக் கிளம்பும்போது, ராத்திரிக்குள்ள அவனைத் தொட்டியில விட்டாகணும்ணா, வாளித் தண்ணியில இன்னொரு நாள் தாங்கமாட்டான் என்றாள். நீ வர்றதுக்குள்ள ஓட வெச்சுடறேன் என்று இவர் சொன்னார். சொல்லிவிட்டார். வாளியின் விளிம்பில் பேட்டரி பம்ப் விர்ர் என்று காற்றை விட்டுக்கொண்டிருந்தது. சுல்தான் காலையில் இருந்த மாதிரி இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. படகு கரை தட்டினால் சாயுமே, அப்படி. செவுள் மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. மேலே இருந்த ஒற்றைக் கண் அவரையே பார்த்தது.

ஒத்து வந்தா இருப்பேன் ரோஸி, இல்லன்னா உன் வீட்டு மாடி ரூம் இருக்கவே இருக்கு. முந்தாநாள் ராத்திரி இதே குளியலறைக்குள்ளிருந்து அவள் போனில் சொன்னது, சுல்தானுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டே. ஹாலில் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தவர் காதில் விழுந்துவிட்டது. ஒட்டுக்கேட்கவில்லை, ஆனால் விழுந்த பிறகு எழுந்து போகவும் இல்லை. ரோஸி என்கிற ரோஸலின் அவளோடு மஸ்கட்டில் வேலை பார்த்தவள், வில்லிவாக்கத்தில் சொந்த வீடு. அங்கேதான் இன்று சாப்பாடு. சாப்பாடு மட்டும்தானா, மாடி அறையையும் பார்க்கவா? ஒத்து வந்தா என்றால் எது எதோடு ஒத்து வந்தால்? அந்த ஒரு வார்த்தை இரண்டு நாளாக அவருக்குள் செருப்பில் புகுந்த கல் மாதிரி கிடந்தது, எடுத்துப் போடவும் முடியவில்லை, மிதிக்காமல் நடக்கவும் முடியவில்லை. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்கிறோம். கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளவில்லை. ஜாதகம் ஒத்து வரவில்லை. புது ஊருக்குப் போய் நாலு நாளில் முகம் கறுத்துத் திரும்பி வந்தால், தண்ணி ஒத்துக்கலையா என்று கேட்பார்கள், யாரும் மனுஷர் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்பதில்லை, அது மரியாதை இல்லை என்று தண்ணீர் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள். அவள் சொன்னது தண்ணீரா, சுல்தானுக்கு இந்த போர்வெல் தண்ணீரா, இல்லை மூன்றாவது ஆளாக நடுவில் கிடக்கும் இந்த வீடா, பேசத் தெரியாத அண்ணனா? எது என்று தெரிந்தால் அதைப் பார்த்துச் சரி பண்ணலாம். தண்ணீர் என்றால் மாற்றலாம். அண்ணன் என்றால் என்ன பண்ணுவது. நேற்று சாப்பிடும்போது அவள் கேட்டாள், உப்பு சரியா இருக்காண்ணா. இருக்கு என்றார். அவ்வளவுதான் ஒரு வேளைக்கு அவர் பேசியது. அவளுடைய பெட்டி அவள் அறையில் நைலான் கயிறு கட்டியபடியே நிற்கிறது. மாற்றுத் துணியைக் கைப்பையிலிருந்துதான் எடுக்கிறாள். பயணத்தில் இருப்பவள் மாதிரி.

போன் பண்ணிக் கேட்டால் என்ன, சுல்தான் சாய்ந்து கிடக்கிறான் என்று? எடுத்தார். வைத்தார். கேட்டால் அவள் பதறிக் கிளம்புவாள். அல்லது பதறாமல், சரி விடுண்ணா, அங்க ஒத்து வரல என்பாள். போனிலும் அவருக்குப் பேச்சு வராது. லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் வேலை பார்த்த காலத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கில் எண்ணை மட்டும் சொன்னால் போதும். லாரிக்காரர்கள் அவரை எண்களின் குரலாகத்தான் அறிவார்கள், வெளியே டீக்கடையில் பார்த்தால் அடையாளம் தெரியாது. அது அவருக்குப் பிடித்தும் இருந்தது. வண்டி ஏறும், முள் ஆடும், ஆட்டம் நிற்கும்வரை வாயைத் திறக்கமாட்டார். நிற்காத முள்ளைப் பார்த்து எண் சொன்னவன் மேடையில் உட்காரக் கூடாது. அப்புறம் வண்டி சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி வந்து ஏறும். பாரத்தோடு இவ்வளவு, வெறும் வண்டி இவ்வளவு, இதில் அது போக மீதிதான் சரக்கு. வெறும் வண்டியைக் கழிக்காமல் சீட்டுக் கொடுத்தால் இரும்பையும் டயரையும் டிரைவரின் மதியச் சாப்பாட்டையும் நெல் என்று விற்றதாக ஆகும். நினைத்துக்கொண்டே பழைய குழாயின் வெட்டு வாயைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவர் அப்படியே நின்றார். வெளிச்சம் நடு ஓட்டையில் மட்டும் வந்தது. சுற்றிலும் ரப்பர், தடிமனாக, வளையல் மாதிரி. அவர் ஸ்கேலை வைத்தது வளையலின் வெளியோரத்தில். இந்தப் பக்கம் ஒரு நூல் ரப்பர், அந்தப் பக்கம் ஒரு நூல். கடைக்காரன் ஆறு, எட்டு என்றது ஓட்டையை. ஏழில் இரண்டு போனால் ஐந்து. ஐந்து நூல் என்று கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்திருப்பான். வெறும் வண்டியைக் கழிக்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கழித்தவன் ஒரு ரப்பர் குழாயில் கழிக்க மறந்துவிட்டான். அவருக்குச் சிரிப்பு வந்தது, சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. யாராவது இருந்தால் சொல்லலாம் போலிருந்தது. சின்னது பெரிதாக இருந்ததன் மர்மம் விட்டுப்போனதில் கொஞ்சம் வருத்தம்கூட.

அப்படியானால் பழைய குழாயே கதி. அதன் ஒரு முனை விண்டு போயிருந்ததால்தான் புதிது வாங்கப் போனார். விண்ட பகுதியை வெட்டி எறிந்தால் மீதி நன்றாகத்தான் இருக்கிறது. வெட்டினார். வெந்நீரில் முக்கி ஃபில்டரின் மூக்கில் ஏற்றினார், கறுப்பு நாக்கு மாதிரி வழுக்கிப் போய் அடியில் கெட்டியாக உட்கார்ந்தது. இழுத்தார், வரவில்லை. பஞ்சுத் தட்டை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். பஞ்சு பழுப்பேறி, கொழகொழவென்று, குளத்தங்கரை வாசனையோடு இருந்தது; அவர் கை தன்னால் குழாயடிக்குப் போயிற்று. கழுவிடாதண்ணா, அதுலதான் உயிர் இருக்கு, கண்ணுக்குத் தெரியாது, சுல்தானோட கழிவையெல்லாம் அதுங்கதான் தின்னும், காயவும் விடக்கூடாது. அவள் சொன்னது. அழுக்கென்று அவர் நினைத்தது அங்கே குடியிருக்கிற ஜனம். கோயம்புத்தூரிலிருந்து பழைய தண்ணீரிலேயே மூழ்கி வந்த ஜனம். அவர் பஞ்சை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, இருந்தாலும் பிழியாமல், குலுக்காமல், தூங்குகிற குழந்தையைப் படுக்கை மாற்றுவது மாதிரி உள்ளே வைத்து மூடினார். மேலே குழாயைத் தொட்டிக்கு இழுத்தார். எட்டவில்லை. வெட்டிய முக்கால் முழம் இப்போது இடிக்கிறது. குழாய் வராவிட்டால் குடுவை மேலே போகட்டும்; ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் ஏதாவது வைத்து உயர்த்தினால் போயிற்று. முக்காலியை வைத்துப் பார்த்தார், அதிகம், குடுவையின் தலை மேல்தட்டில் முட்டியது. பலகையை வைத்தார், போதவில்லை. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, பத்துக் கிலோவைத் தாங்குகிற எதுவும் வீட்டில் இல்லையா? அப்போதுதான் ஃபில்டரின் ஒயரைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றினார். உள்ளேயிருந்து பிளக் வெளியே வந்தது. தடித்த சதுரமான மூன்று பின்கள்.

சுவரில் இருந்த வட்ட ஓட்டைகளையும் கையில் இருந்த சதுரப் பின்களையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். முன்னே பார்த்திருக்கிறார் இதை. இதே பின். உங்க தங்கச்சி அனுப்புறது எதுவும் நம்ம வீட்டு ஓட்டையில நுழையாது என்று கனகவல்லி சொன்னாள். செத்துப்போய் நாளாகிவிட்ட மனைவியின் குரல் சில சமயம் இப்படித்தான், பிளக் மாதிரி ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வரும். கெட்ட மனசில்லை, நக்கல். வத்சலா அனுப்பிய சட்டை எல்லாம் கழுத்து பெரிது, செருப்பெல்லாம் அளவு சிறிது. அப்புறம் அந்த மிக்சி. யாரோ ஊருக்கு வந்தவர் கையில் கொடுத்தனுப்பிய மிக்சி. கனகவல்லி பெட்டியின் மேல்மூடியைப் பிரித்தாள், மேலாகச் சுருட்டி வைத்திருந்த ஒயரை எடுத்தாள், பிளக்கைச் சுவரில் வைத்துப் பார்த்தாள், அவ்வளவுதான், திரும்பச் சுருட்டி வைத்து டேப் ஒட்டிவிட்டாள். பிளக்கை வெட்டி வேறு போடலாமே என்று இவர் கேட்டதற்கு, வெளிநாட்டுச் சாமானை வெட்டினா கெட்டுடும், உங்க தங்கச்சி வந்து கேட்டா என்ன சொல்றது என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பரணில் ஏறியது பெட்டி. வத்சலா லீவில் வரும்போதெல்லாம், மிக்சி நல்லா ஓடுதா என்பாள், இவர் தலையை ஒரு மாதிரி ஆட்டுவார், ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. இப்போது இந்தப் பிளக்கையும் வெட்டலாம். இடுக்கி இருக்கிறது, டிராயரில் வட்டப் பின் ஒன்றும் கிடக்கிறது. இடுக்கியை ஒயரின்மேல் வைத்தார். அவளுடைய சாமான். வெட்டினால் ஒட்டாது. முள் ஆடிக்கொண்டிருந்தது, அவருக்குள். எடுத்துவிட்டார். குளியலறையிலிருந்து விர்ர் சத்தம் முன்னைவிட மெலிந்து கேட்டது, பேட்டரி இறங்குகிறது போல. போய்ப் பார்த்தார். சுல்தான் இப்போது முழுசாகப் படுத்திருந்தது.

ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. பத்துக் கிலோ தாங்கும். அவருக்குத் தெரியும் அது எதுவென்று, முக்காலியைத் தேடும்போதே தெரியும், தெரியாத மாதிரி வேறு எதையெல்லாமோ வைத்துப் பார்த்தார். முக்காலிமேல் ஏறிப் பரண் கதவைத் திறந்து அந்தப் பெட்டியை இறக்கினார். கனகவல்லி ஒட்டிய டேப் மஞ்சளாகி அப்படியே இருந்தது. தூசியைத் துடைத்துக் கீழ்த்தட்டில் வைத்துக் குடுவையை மேலே ஏற்றினார். குழாய் எட்டியது. அளவெடுத்துச் செய்தது போல. படம் போட்ட பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். அவள் எதற்குக் குனிந்து பார்க்கப் போகிறாள். தண்ணீர் இறங்கி ஃபில்டர் நிறையும் சத்தம் கேட்டது, களக் களக் என்று, தாகமாக இருந்தவன் குடிக்கிற மாதிரி. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. எல்லாம் எல்லாவற்றோடும் சேர்ந்தாகிவிட்டது, சுவரோடு மட்டும் சேரவில்லை. கையில் பிளக்கோடு தரையில் உட்கார்ந்திருந்தபோது அழைப்பு மணி அடித்தது.

வத்சலா செருப்பைக் கழற்றியதும் நேரே குளியலறைக்குத்தான் போனாள். தெய்வநாயகம் பின்னாலேயே போய் வாசலில் நின்றார். சொல்ல வேண்டிய வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தார்.

"படுத்துட்டான்" என்றார்.

அவள் வாளியில் கையை விட்டு மீனின் நெற்றியை விரலால் தட்டினாள். சுல்தான் கண்ணை உருட்டியது, அசையவில்லை.

"சாகலண்ணா. கோவம். இடம் மாத்தினா இந்த ஜாதி இப்படித்தான் ஒருக்களிச்சுப் படுத்துக்கும். கோயம்புத்தூர்ல தொட்டியில ஒரு கல்லை நகர்த்தி வெச்சதுக்கு ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தான். நம்ம அப்பா மாதிரி."

அவருக்குத் தோள் குலுங்கியது. அப்பா சோற்றில் உப்பில்லை என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஹாலுக்கு வந்து தொட்டியைப் பார்த்தவள் குழாய் சரியாக ஏறியிருக்கிறதா என்று கையால் தடவிக்கொண்டே போய், குனிந்தாள். குனியமாட்டாள் என்று எப்படி நினைத்தார்? நர்ஸ் அவள், கட்டில் அடியில் பார்த்தே பழகியவள். பெட்டியின் பக்கவாட்டில் அவள் கையெழுத்தில் அவர் விலாசம் இருந்தது, அதை அவர் மறந்துபோயிருந்தார்.

"இது மிக்சி இல்ல?"

அவர் பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேப்புகூடப் பிரிக்கல."

"பிரிச்சோம். பின் நுழையல. மறுபடி ஒட்டிட்டோம்."

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தெய்வநாயகம் அவள் முகத்தைப் பார்க்காமல் மோவாயைப் பார்த்தார். ஃபில்டரை இறக்கச் சொன்னாள், இறக்கினார். நகத்தால் டேப்பைக் கீறினாள், காய்ந்த டேப் படபடவென்று உரிந்தது. ஒயரை எடுத்து வெளியே போட்டாள், மூடியை எடுத்தாள், சின்ன ஜாரை எடுத்துக் கவிழ்த்தாள். அரபி எழுத்துப் பேப்பரில் சுற்றிய ஒன்று அவள் மடியில் விழுந்தது. ஒரு பக்கம் சதுர ஓட்டைகள். மறுபக்கம் வட்டப் பின்கள்.

"நுழையாதுன்னு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் இதையும் போட்டு அனுப்பினேன். ஜாரைத் திறக்கவே இல்லையா ரெண்டு பேரும்?" என்றாள். கோபமா சிரிப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை. முள் நிற்கட்டும் என்று காத்திருந்தார். "போட்டுப் பாக்காமலே ஒத்து வரலன்னு முடிவு பண்ணிட்டா எப்படிண்ணா?"

ஒத்து வரல என்று அவள் சொன்னதும் அவருக்குள் இருந்த கல் புரண்டது.

"ரோஸி வீட்டு மாடி ரூம்" என்றார். எண் சொல்வது மாதிரி சொல்லிவிட்டார். "நல்லா இருந்துதா?"

வத்சலா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு குளியலறைக் கதவைப் பார்த்தாள்.

"எல்லாம் காதுல விழுந்திருக்கு" என்றாள். "நல்ல ரூம்தான். தாழ்ப்பாள் சரியில்ல."

மிக்சியை அட்டைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துக் கீழ்த்தட்டில் தள்ளினாள், அவர் ஃபில்டரைத் தூக்கி மேலே வைத்தார். கோயம்புத்தூரில் இதே மாதிரி ஒன்றை மாட்டித்தான் ஃபில்டரை ஓட்டியிருந்தாள், அதை அங்கே சுவரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். சதுரம் சதுரத்தில் போயிற்று, வட்டம் வட்டத்தில் போயிற்று, ஸ்விட்சைப் போட்டதும் குழாய் ஒருமுறை உதறிக்கொண்டு இருமி, அழுக்குக் குமிழிகளைத் துப்பி, பிறகு தெளிவாக ஓடத் தொடங்கியது. வாளித் தண்ணீரோடு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கிவிட்டுச் சுல்தானைக் கையில் ஏந்திக்கொண்டுவந்து விட்டாள். அது நேரே அடிக்குப் போய், ஒரு மூலை பார்த்து, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. தெய்வநாயகம் கண்ணாடிக்கு அருகில் குனிந்து அதன் செவுளைப் பார்த்தார். திறந்தது, மூடியது. இது கோபம் என்று தெரிந்த பிறகு பார்க்க வேறு மாதிரி இருந்தது. எத்தனை நேரம் இருக்கும் ஒரு மீனுக்குக் கோபம், எதைப் பார்த்து அது முடிவு செய்யும் எழுந்திருக்கலாம் என்று? அறைக்குள் கயிறு அறுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் ஜிப். அப்புறம் பீரோக் கதவு கிறீச்சிட்டது, கனகவல்லி போனதற்குப் பிறகு யாரும் திறக்காத பக்கத்துக் கதவு. அவர் திரும்பவில்லை. முள் ஆடும்போது மூச்சுவிட்டால்கூடத் தப்பு.

வெகு நேரம் கழித்து வத்சலா காலிப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"பரண்ல மிக்சி இருந்த இடம் காலிதானே?"

அவர் முக்காலியில் ஏறினார். அவள் கீழிருந்து தூக்கிக் கொடுத்தாள். காலிப் பெட்டி, சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்து என்ன எடை இருக்கும் என்று அவர் கை தானாகவே சொல்லிவிட்டது. உள்ளே தள்ளினார், சாய்த்துத் தள்ளினார், திருப்பித் தள்ளினார். நாலு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பரண் கதவு மூடவில்லை.

"சேரல" என்றார்.

"இருக்கட்டும்ணா, திறந்தே கிடக்கட்டும்" என்றாள் வத்சலா. "இறங்கு. பருப்பு ஊறவெச்சிருக்கேன், அந்த மிக்சி ஓடுதான்னு பாக்கலாம்."

அவர் அப்படியே முக்காலிமேல் நின்றார். மிக்சியை எடுத்துவிட்டால் ஃபில்டருக்குக் கீழே எதை வைப்பது, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக?